‘லவ் மீ டூ’வைக் குழுவாக வாசிக்க: எதை முதலில் பழகுவது, எங்கே தடுக்கும்

பீட்டில்ஸ் குழுவின் முதல் சிங்கிளான ‘லவ் மீ டூ’வில் மூன்றே கார்ட்கள் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது): ஜி, சி, டி. இரண்டரை நிமிடம்கூட ஓடாது. கிட்டார் எடுத்து ஆறு மாதம் ஆன யாரும் ஒரே சாயங்காலத்தில் கார்ட்களைப் பிடித்துவிடலாம். அதனால்தான் புதிதாகக் குழு சேர்க்கிறவர்கள் இதையே முதல் பாட்டாக எடுக்கிறார்கள், அடுத்த சனிக்கிழமை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்ததும் ஒரே இடத்தில் நாலு பேரும் விழுகிறார்கள்.

அந்த இடம் எது என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் எல்லா வாத்தியமும் நின்று, ஒரே ஒரு குரல் தலைப்பு வரியைப் பாடி முடிக்க, அந்தக் கடைசிச் சொல்லின் மேலேயே மவுத் ஆர்கன் ஏறி உட்காரும் இடம். கீழே இருக்கும் வரிசை முழுக்க அந்த ஒரு இடத்துக்காகப் போட்டது. மவுத் ஆர்கனில் தொடங்க எல்லாருக்கும் ஆசையாக இருக்கும். தயவுசெய்து அதை எட்டாவது படி வரைக்கும் பையிலேயே வையுங்கள்.

1. எல்லாரும் ஒரே பதிவைக் கேளுங்கள்

இந்தப் பாட்டுக்கு 1962-இல் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டுடியோவில் செய்த மூன்று பதிவுகள் இருக்கின்றன, மூன்றிலும் டிரம்ஸ் வாசித்தவர் வேறு வேறு. ஜூன் 6 பதிவில் பீட் பெஸ்ட். செப்டம்பர் 4 பதிவில் ரிங்கோ ஸ்டார். செப்டம்பர் 11 பதிவில் ஆண்டி வைட் என்ற ஸ்டுடியோ டிரம்மர், ரிங்கோவின் கையில் அன்று டாம்பரின் மட்டும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் வீட்டில் ஒரு பதிவை வைத்துப் பழகுகிறார், இன்னொருவர் வேறு பதிவை. இரண்டு பேரும் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்துவிட்டு வந்து, ஒத்திகையில் ‘நீ தப்பு, நான் சரி’ என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். இருவருமே சரிதான், கேட்டது வேறு.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரே சோதனை போதும்: டாம்பரின் கேட்கிறதா? கேட்டால் செப்டம்பர் 11. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஆல்பத்தில் இருப்பது இதுதான், ‘ஒன்’ தொகுப்பிலும் இதுதான். கேட்கவில்லை என்றால் செப்டம்பர் 4. 1962 அக்டோபர் 5 அன்று பிரிட்டனில் முதலில் வந்த சிங்கிள் தட்டில் இருந்தது இந்தப் பதிவு, இப்போது ‘பாஸ்ட் மாஸ்டர்ஸ்’ தொகுப்பில் கிடைக்கும். ஜூன் பதிவு ‘ஆந்தாலஜி 1’-இல் இருக்கிறது. அதில் நடுப்பகுதி வந்ததும் டிரம்ஸ் நடை மாறும், வேகமும் ஆடும், அதனால் பழகுவதற்கு அதை எடுக்காதீர்கள்.

என் யோசனை: நாலு பேர் குழு என்றால் செப்டம்பர் 4. சும்மா நிற்கிற ஐந்தாவது ஆள் ஒருவர் இருந்தால் செப்டம்பர் 11, அவர் கையில் டாம்பரின்.

இன்னொரு விஷயம். பழைய வெளியீடுகளில் இந்தப் பாட்டு மோனோதான் (இரண்டு காதிலும் ஒரே ஒலி), பல தடங்கள் கொண்ட மூல நாடா மிஞ்சவில்லை. அதனால் ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் போட்டு ஒரு வாத்தியத்தைத் தனியாகப் பிடிக்கிற வேலை இதில் நடக்காது. ஆனால் 2023-இல் வெளியான புது மிக்ஸில், கணினி உதவியால் குரலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுத்து ஸ்டீரியோவாக ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் ரிங்கோ வாசித்த செப்டம்பர் 4 பதிவுதான். இரண்டாம் குரலையும் பேஸையும் காதால் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. செப்டம்பர் 4-ஐச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஆட்களும் சாமான்களும்

ஆட்கள்: கிட்டார் ஒருவர், பேஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர், மவுத் ஆர்கன் ஒருவர். இவர்களில் இரண்டு பேர் பாட வேண்டும். சரண முடிவில் தலைப்பு வரியைத் தனியாகப் பாடுகிறவரும் மவுத் ஆர்கன் வாசிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள், ஏன் என்பது ஒன்பதாவது படியில் வரும்.

அக்கூஸ்டிக் கிட்டார் போதும். பெடல், எஃபெக்ட் எதுவும் வேண்டாம். முழு டிரம் செட் இல்லாவிட்டால் ஒரு கஹோனை (கையால் தட்டும் மரப்பெட்டி வாத்தியம்) வைத்துக்கூட ஒப்பேற்றலாம், பாட்டு அதைத் தாங்கும்.

மவுத் ஆர்கன் வாங்கும்போதுதான் பலரின் பணம் வீணாகிறது. நம் ஊர்க் கடையில் போய் ‘மவுத் ஆர்கன் கொடுங்க’ என்று கேட்டால் பெரும்பாலும் இருபத்து நாலு ஓட்டை வைத்த டிரெமலோ வகையைத்தான் நீட்டுவார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்கு வைத்து, குரல் நடுங்குவதுபோல ஒலிக்கும் வகை அது. பழைய சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கும், இதற்கு ஒத்து வராது. உங்களுக்கு வேண்டியது பத்து ஓட்டை டயட்டானிக். பட்டன் வைத்த குரோமாட்டிக் வகையிலும் வாசிக்கலாம், ஆனால் விலை கூட, வாய் பழக நாளும் கூட.

அடுத்த தவறு சுருதியில் நடக்கும். பாட்டு ஜி சுருதி என்பதால் ‘ஜி’ போட்ட மவுத் ஆர்கனை வாங்கிவிடுவார்கள். வாங்க வேண்டியது ‘சி’. காரணத்தை எட்டாவது படியில் விளக்கமாகச் சொல்கிறேன், இப்போதைக்கு ‘சி’ என்று காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

3. பாட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்

வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் பேனாவை எடுங்கள். பாட்டின் ஓட்டம் இதுதான்: முன்னிசை, சரணம், சரணம், நடுப்பகுதி, சரணம், மவுத் ஆர்கன் தனி, சரணம், அப்புறம் தலைப்பு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே மங்கி மறைவது. நாலு சரணத்துக்கும் ஒரே சொற்கள்தான்.

சொற்கள் ஒன்றாக இருப்பதுதான் இதில் ஆபத்து. வேறு பாட்டில் என்றால் ‘இரண்டாவது சரணத்தின் இந்த வரி வந்துவிட்டது, அடுத்தது நடுப்பகுதி’ என்று சொற்களே வழி காட்டும். இங்கே அது இல்லை. எந்தச் சரணத்தில் இருக்கிறோம் என்பதே மறந்து, இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒருவர் நடுப்பகுதிக்கும் மற்றவர்கள் மூன்றாவது சரணத்துக்கும் போய்விடுவார்கள். ஓட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதி எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள்.

இப்போது பதிவைப் போட்டுச் சரணத்தின் பார்களை எண்ணுங்கள். ஒரு பார் என்பது நாலு தட்டு. ஜி ஒரு பார், சி ஒரு பார் என்று மாறி மாறிப் போகும், பிறகு ‘ப்ளீஸ்’ என்ற சொல்லை இழுத்துப் பாடும்போது சி-யிலேயே நிற்கும். எட்டு பார், பன்னிரண்டு பார் என்று கை பழகிய கணக்கில் இந்தச் சரணம் அடங்காது. அதனால் தோராயமாக ‘இப்போ மாறும்’ என்று ஊகித்து வாசிக்கிறவர் கட்டாயம் தவறுவார். இணையத்தில் கிடைக்கும் கார்ட் தாள்களில் சொல்லுக்கு மேலே கார்ட் மட்டும்தான் இருக்கும், எத்தனை தட்டு என்பது இருக்காது. நீங்களே விரல்விட்டு எண்ணி எழுதுங்கள். பத்து நிமிட வேலை, இரண்டு வாரச் சண்டை மிச்சம்.

4. கிட்டார்: ஜி-யிலிருந்து சி-க்குக் கையை மாற்றுவது

பாட்டில் பெரும்பகுதி ஜி-க்கும் சி-க்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே இந்த ஒரு மாற்றம் சுத்தமாக வந்தால் முக்கால் பாட்டு வந்த மாதிரி.

முதல் வகுப்பில் ஜி-யை ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் வைத்துப் பிடிக்கத்தான் சொல்லித் தந்திருப்பார்கள். இந்தப் பாட்டுக்கு மட்டுமாவது மாற்றிப் பிடியுங்கள்: ஆறாவது கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரல், ஐந்தாவது கம்பி இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், முதல் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டுவிரல். இப்போது சி-க்குப் போக, மோதிர விரலும் நடுவிரலும் தங்களுக்குள் இருக்கும் அமைப்பை மாற்றாமல் அப்படியே ஒரு கம்பி கீழே இறங்கினால் போதும். சுண்டுவிரல் எழும், ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பி முதல் ஃபிரெட்டில் உட்காரும். சுண்டுவிரல் முதல் இரண்டு நாள் வலிக்கும், மூன்றாம் நாள் பழைய பிடிக்கு நீங்களே திரும்ப மாட்டீர்கள்.

வலது கை முதலில் தட்டுக்கு ஒரு அடி, கீழ்நோக்கி மட்டும். மேல் அடி, இடை அடி எல்லாம் கார்ட் மாற்றம் தடங்காமல் வந்த பிறகு. அடியை அலங்கரிக்கப் போய் மாற்றத்தில் அரைத் தட்டுத் தாமதிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

டி கார்ட் முதல் தடவை வருவதே நடுப்பகுதியில்தான். அதுவரை ஜி, சி என்று பழகிய கை அங்கே திகைக்கும். நடுப்பகுதி டி-யில் தொடங்கி சி வழியாக ஜி-க்கு இறங்குகிறது. இந்த இறக்கத்தை மட்டும் தனியே எடுத்து இருபது தடவை வாசித்துவிட்டு, அப்புறம் சரண முடிவிலிருந்து டி-க்குத் தாவுவதை இருபது தடவை வாசியுங்கள். இரண்டாவதுதான் முக்கியம், எல்லாரும் விட்டுவிடுவதும் அதைத்தான். மவுத் ஆர்கன் தனியும் இந்த நடுப்பகுதிக் கார்ட்களின் மேல்தான் ஓடுகிறது, அதனால் இங்கே செலவழிக்கும் நேரம் இரண்டு இடத்தில் உதவும்.

5. பேஸும் டிரம்ஸும்

பேஸ் வாசிப்பவர் ஜி-க்கு ஜி, டி சுரங்களும், சி-க்கு சி, ஜி சுரங்களும் வாசித்தால் போதும். நம் முறையில் சொன்னால் சட்ஜமும் பஞ்சமமும். அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

டிரம்ஸில் ஒன்று, மூன்றாம் தட்டில் கிக் (காலால் மிதிக்கும் பெரிய டிரம்), இரண்டு, நாலில் ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்). இடையிடையே ஃபில் போட்டு நிரப்பாதீர்கள், சரண முடிவில் வரும் வெறுமைக்கு வேலை இருக்கிறது. டாம்பரின் ஆள் இருந்தால் முதலில் இரண்டிலும் நாலிலும் மட்டும் தட்டட்டும். ஒவ்வொரு தட்டிலும் குலுக்கினால் கை சோர்ந்து மெல்ல வேகம் குறையும், கூடவே குழுவும் சேர்ந்து இறங்கும்.

6. நிறுத்தம்

‘ப்ளீஸ்’ இழுத்து முடிகிற இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். வாசிப்பதைக் குறைப்பது போதாது, ஒலி அறுந்து போக வேண்டும்.

இதைத் தனிப் படியாக வைத்திருப்பதற்குக் காரணம், நிறுத்துவதை யாரும் பழகுவதே இல்லை. கிட்டார்க்காரர் அடிப்பதை விட்டுவிடுவார், ஆனால் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும். இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்தி, வலது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தால்தான் ஒலி நிற்கும். டிரம்மர் கையை நிறுத்துவார், சிம்பல் பாடிக்கொண்டிருக்கும், அதை விரலால் பிடிக்க வேண்டும். பேஸ் கம்பி இன்னும் நீளமாக ஒலிக்கும்.

ஒரு விழாவில் நாங்கள் இதை வாசித்தபோது, மூன்று சரணம் ஒழுங்காக நின்ற டிரம்மர் நாலாவதில் ஆர்வம் மிகுந்து நிற்காமலே போய்விட்டார். தனியாகப் பாட வேண்டியவர் அந்தச் சத்தத்துக்குள் காணாமல் போனார். தவறு டிரம்மருடையது இல்லை. நிறுத்தத்தை நாங்கள் பாட்டோடு சேர்த்து மட்டுமே பழகியிருந்தோம், தனியாக ஒரு தடவைகூடப் பழகவில்லை.

பழகும் முறை: சி கார்டில் நாலு பார் வாசித்து, எல்லாரும் ஒரே தட்டில் நின்று, மனதுக்குள் தட்டை எண்ணிக்கொண்டே இருந்து, ஜி-யில் ஒன்றாகத் திரும்பி வாருங்கள். பாடாமல், வாத்தியம் மட்டும், இருபது தடவை. மௌனத்தில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தாளம் போடுகிறவர் விசர்ஜிதத்தில் கையைத் திருப்பும்போது சத்தம் இல்லாவிட்டாலும் கணக்கு ஓடுகிற மாதிரி. காலால் தட்டுகிறவர் நிறுத்தத்தின்போதும் காலை நிறுத்தக் கூடாது.

7. இரண்டு குரல்கள்

சரணத்தை பீட்டில்ஸின் ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடுகிறார்கள், ஆனால் ஒரே சுரத்தில் இல்லை. மேல் குரல் ஒன்று, கீழ்க் குரல் ஒன்று.

கோரஸ் என்றாலே எல்லாரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுவது என்று வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டம். இரண்டாம் குரல் பாடுகிறவர் நாலாவது சொல்லுக்குள் முதல் குரலோடு போய் ஒட்டிக்கொள்வார், அவருக்கே தெரியாது. காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்வது தீர்வாகாது, அப்போது சுருதியே போய்விடும்.

கீழ்க் குரலை ஒரு தனிப் பாட்டாகவே கற்றுக்கொள்ளுங்கள். 2023 மிக்ஸைப் போட்டு அதை மட்டும் பிடித்து, தம்பூரா செயலியில் ஐந்து கட்டை வைத்து, தனியாக ஒரு வாரம் பாடுங்கள். ஜி என்பது நம் ஐந்து கட்டைதான். அந்தக் குரல் தனியாகவே ஒரு மெட்டாக மனதில் பதிந்த பிறகு, மேல் குரல் பாடுகிறவர் பக்கத்தில் மெல்ல முணுமுணுக்கட்டும், பிறகு முழுக் குரலில் சேரட்டும். கிட்டார் கூடவே கூடாது. கார்ட் ஒலித்தால் பிசகு மறைந்துவிடும், அப்படியே கையில் பழகியும் விடும்.

‘ப்ளீஸ்’ இழுப்பில் இரண்டு குரலும் ஒரே நேரத்தில் அசைந்து ஒரே நேரத்தில் முடிய வேண்டும். கர்நாடக சங்கீதம் பாடிப் பழகியவர் இங்கே தன்னையறியாமல் ஒரு கமகம் சேர்ப்பார். தனியாகப் பாடினால் நன்றாகவே இருக்கும், இரண்டு குரலில் ஒன்று மட்டும் அசைந்தால் உரசும்.

பெண்கள் பாடுவதானால், அல்லது உங்கள் குரல் மெல்லிய ஆண்குரலானால், தலைப்பு வரி கீழே போய் ஒலியே வராமல் போகலாம். சுருதியை மாற்றத் தயங்காதீர்கள். இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு இதே பிடிகளை வாசித்தால் ஆறு கட்டை. ஆனால் இந்த முடிவை இந்தப் படியிலேயே எடுத்துவிட வேண்டும், சுருதி மாறினால் மவுத் ஆர்கனும் மாறும்.

8. மவுத் ஆர்கன்

இப்போது பையைத் திறக்கலாம்.

ஜி பாட்டுக்கு சி மவுத் ஆர்கன் ஏன்? ஜி மவுத் ஆர்கனில் ஜி-யை சட்ஜமாக வைத்தால் கிடைப்பது சங்கராபரண வரிசை, அதாவது காகலி நிஷாதம் (மேல் நிஷாதம்). சி மவுத் ஆர்கனை எடுத்து அதே ஜி-யை சட்ஜமாக வைத்தால் கிடைப்பது ஹரிகாம்போஜி வரிசை, கைசிகி நிஷாதம் (கீழ் நிஷாதம்). ப்ளூஸ் வழி வந்த பாட்டுகளின் அந்தக் கறுத்த, சற்றே ஏக்கமான நிறம் இந்த நிஷாதத்தில்தான் இருக்கிறது. இந்தப் பாட்டின் மவுத் ஆர்கனும் அந்த வழியில் வந்ததுதான். ஜி-யை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றாலும் அது பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரிதான் ஒலிக்கும், வாசிக்கிறவர் ‘எனக்கு வரவில்லை’ என்று தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது காரணம் மூச்சு. சி மவுத் ஆர்கனில் ஒன்று முதல் நாலு வரையிலான ஓட்டைகளில் காற்றை உள்ளே இழுத்தால் டி, ஜி, பி, டி என்ற சுரங்கள் கிடைக்கும், அதாவது ஜி கார்டே கையில் வந்துவிடுகிறது. இழுக்கும்போது நாக்குகளை வாயால் வளைக்க முடியும், சுரத்தைக் கொஞ்சம் கீழே சரிக்க முடியும். பதிவில் கேட்கும் அந்த வழுக்கல் அப்படித்தான் வரும்.

விதியாகவே நினைவில் வையுங்கள்: பாட்டின் சட்ஜத்துக்குச் சுத்த மத்தியமம் எதுவோ, அந்தச் சுருதி மவுத் ஆர்கன். ஜி-க்கு மத்தியமம் சி. பாட்டை ஆறு கட்டைக்கு, அதாவது ஏ-க்கு மாற்றினீர்கள் என்றால் ‘டி’ மவுத் ஆர்கன்.

பழகும் வரிசை இது. முதல் மூன்று நாள் ஒற்றை ஓட்டையில் மட்டும் காற்று போக வேண்டும். விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, மவுத் ஆர்கனை நன்றாக உள்ளே வாங்குங்கள். உதட்டு நுனியில் வைத்தால் பக்கத்து ஓட்டையும் சேர்ந்து கத்தும். நாலாவது ஓட்டையை இழுத்தால் டி, ஊதினால் சி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் சுத்தமாக வரவழையுங்கள். அடுத்து ஐந்தாவது ஓட்டையை இழுங்கள், அது எஃப், மேலே சொன்ன கைசிகி நிஷாதம்.

அப்புறம்தான் மெட்டு. தாளைப் பார்த்து ஓட்டை எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். முன்னிசையை வாயால் ‘நா நா’ என்று பாடுங்கள், பிசகாமல் பாட வரும்வரை பாடுங்கள். பாட வராத மெட்டு ஊதவும் வராது. பிறகு நடு ஓட்டைகளில் ஒவ்வொரு சுரமாகத் தேடுங்கள், கண்டுபிடித்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் இப்படிக் கண்டுபிடித்தது மறக்காது, ஒரு சுரம் தவறினாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்வீர்கள்.

மூச்சு முட்டுகிறது என்பது எல்லாரும் சொல்லும் குறை. உண்மையில் நடப்பது, இழுத்து இழுத்து நுரையீரல் நிறைந்துவிடுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் மூக்கு வழியாகக் காற்றை வெளியே விடப் பழகுங்கள். ஊதுகிற வாத்தியம் என்று நினைத்து ஆரம்பத்திலேயே ஆழ மூச்சு வாங்கிவிட்டுத் தொடங்கினால் இரண்டாவது சுரத்திலேயே இடம் இருக்காது. பாதி காலியான நெஞ்சோடு தொடங்குங்கள்.

9. கோர்க்கும் இடம்

தலைப்பு வரியின் கடைசிச் சொல்லும் மவுத் ஆர்கனின் முதல் சுரமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒரே வாயால் இரண்டையும் செய்ய முடியாது.

பீட்டில்ஸுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. முதலில் அந்த வரியைப் பாடியவர் லென்னன், மவுத் ஆர்கனும் அவர்தான். கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு வாத்தியத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜூன் 6 பதிவின்போது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதைக் கவனித்து, வரியை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அதுவரை அந்த வரியைத் தனியாகப் பாடியே இராத மெக்கார்ட்னி, எல்லா வாத்தியமும் நின்றுபோன வெறுமையில் அங்கேயே பாட வேண்டியதாயிற்று. தன் குரலில் இருந்த நடுக்கம் பதிவில் கேட்கிறது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் பாடகருக்கும் அங்கே நடுங்கும். அவரிடம் இதைச் சொல்லுங்கள், தோளிலிருந்து பாரம் இறங்கும்.

கோர்ப்பதை மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில் பாடகரும் மவுத் ஆர்கனும் மட்டும்: நிறுத்தத்துக்கு ஒரு பார் முன்னால் தொடங்கி, வரியைப் பாடி, மவுத் ஆர்கன் ஏறி இரண்டு பார் போனதும் முடிக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் டிரம்ஸ் சேரும். கடைசியில் கிட்டாரும் பேஸும்.

மவுத் ஆர்கன்காரர் சரணத்தில் பாடுகிறவராகவும் இருந்தால், ‘ப்ளீஸ்’ முடிந்த கணமே கை வாய்க்குப் போயிருக்க வேண்டும். வரி பாடப்படும்போதே உதடு சரியான ஓட்டையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கடைசிச் சொல்லைக் கேட்டுவிட்டுத் தூக்குகிறவர் எப்போதும் அரைத் தட்டுத் தாமதம். நாலாவது ஓட்டைக்கு மேலே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் கண்ணால் பார்த்தே எடுக்கலாம்.

பாடகரிடம் வேறு தவறு வரும். பின்னால் மவுத் ஆர்கன் வந்ததும் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு வழிவிடுவார், மரியாதையாக. வழிவிடக் கூடாது. சொல் நீள வேண்டும், அதன் மேல் வாத்தியம் ஏற வேண்டும். அந்த ஒன்றிரண்டு தட்டு இரண்டும் சேர்ந்து ஒலிப்பதுதான் இந்தப் பாட்டில் எனக்கு உயிர், அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு படிகளும்.

தனி ஆளாக, கழுத்தில் ஹோல்டர் மாட்டிக் கிட்டாரோடு வாசிக்க நினைத்தால் ஒரே வழிதான்: சொல்லை முழுதாகப் பாடிவிட்டு, மெட்டின் முதல் சுரத்தை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து பிடியுங்கள். இரண்டையும் திணிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

10. வேகம்

பதிவின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 148 தட்டு. கேட்க நிதானமாகத் தெரியும், அதில்தான் ஏமாறுவீர்கள். 90-இல் தொடங்குங்கள். நிறுத்தமும் கோர்ப்பும் தொடர்ந்து மூன்று தடவை பிசகாமல் வந்தால் மட்டும் பத்து ஏற்றுங்கள். கார்ட் மாற்றம் வந்துவிட்டதே என்று ஏற்றாதீர்கள், அளவுகோல் கோர்ப்புதான்.

சரணங்களில் யாரும் ஓட மாட்டார்கள், நிறுத்தத்துக்குப் பிறகுதான் ஓடுவார்கள். மௌனம் பயமாக இருப்பதால் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவது வழக்கம். கைபேசியில் ஒத்திகையைப் பதிவு செய்து, நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். செப்டம்பர் 11 அன்று ஸ்டுடியோவில் இந்தப் பாட்டுக்கு 18 டேக் (பதிவு முயற்சி) போனது. ஆறாவது தடவை சொதப்பியதும் உங்கள் ஆட்கள் முகம் வாடினால் இதைச் சொல்லலாம்.

11. எப்படி முடிப்பது

பதிவு மங்கி மறைகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது. மெதுவாக வாசித்துக்கொண்டே போனால் கேட்கிறவர்களுக்கு மின்சாரம் போன மாதிரி இருக்கும், யார் எப்போது நிறுத்துவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

எத்தனை தடவை தலைப்பு வரியைத் திருப்புவது என்று எண்ணிக்கையில் முடிவு செய்யுங்கள், நாலு போதும். நாலாவதில் ஆறாவது படியில் பழகிய அதே நிறுத்தத்தை எடுத்து வாருங்கள்: எல்லாரும் நிற்க, பாடகர் மட்டும் வரியை முடிக்க, மவுத் ஆர்கன் முதல் வாக்கியத்தை ஒரே ஒரு தடவை வாசிக்க, ஜி கார்டை எல்லாரும் சேர்ந்து ஒரு அடி. அடித்த ஜி-யை உடனே அமுக்காதீர்கள், இந்தத் தடவை மட்டும் கம்பி தானாக அடங்கட்டும்.